இறங்கத் தெரிஞ்சிடுச்சு... அப்புறம்?

ஸ்கீயிங்கில் ரொம்பக் கஷ்டமான கட்டம் எது என்று கேட்டால், எல்லாரும் "முதல் நாள்" என்பார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். முதல் நாள் விழுவோம், எழுவோம், உடம்பெல்லாம் வலிக்கும், ஆனால் மூணாவது நாள் சாயங்காலத்துக்குள் ஏதோ ஒரு முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். அதுவே பெரிய போதை. உண்மையான கஷ்டம் அதுக்கப்புறம் வருது. எந்தச் சரிவாக இருந்தாலும் எப்படியோ கீழே வந்து சேர்ந்துவிட முடிகிறது. விழுவதும் குறைந்துவிட்டது. ஆனால் போன வருஷம் எப்படி இறங்கினோமோ, இந்த வருஷமும் அச்சு அசலாக அப்படியேதான் இறங்குகிறோம்.

ஸ்கீ உலகத்தில் இவர்களுக்கு ஒரு கிண்டல் பெயர் உண்டு: 'டெர்மினல் இன்டர்மீடியட்'. ரயில் கடைசி ஸ்டேஷனில் போய் நின்ற மாதிரி, இடைநிலையிலேயே குடித்தனம் போட்டுவிட்டவர் என்று அர்த்தம். ஆல்ப்ஸ் மலையில் இருபது வருஷமாக ஸ்கீ பண்ணும் ஆட்களிலேயே இப்படி நிறையப் பேரைப் பார்க்கலாம்.

"நம்ம ஊர் வெயிலுக்கும் பனிச்சறுக்குக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்கிறவர்களுக்கு: நம்மில் சிலர் செமஸ்டர் லீவில் குல்மர்க், ஆலி என்று கிளம்புகிறோம். மியூனிக் பக்கம் எம்.எஸ். பண்ணப்போன சீனியர்களின் ஸ்டேட்டஸ் டிசம்பரில் இருந்து மார்ச் வரை வெள்ளை வெளேர் என்றுதான் இருக்கிறது. அவர்களுக்காகவும், அடுத்து கிளம்பப் போகிறவர்களுக்காகவும் இந்தக் கட்டுரை. ஸ்கீயே பண்ணாதவர்களும் படிக்கலாம். 'ஓரளவுக்கு வருது, அதுக்கு மேல வரமாட்டேங்குது' என்ற நிலை நீச்சல், கிதார், கோடிங் எல்லாவற்றுக்கும் பொது.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். இடைநிலையில் மாட்டிக்கொண்டவர் அதைவிடச் செங்குத்தான சரிவுக்குப் போவதால் மேலே வர மாட்டார். சுலபமான சரிவுக்குத் திரும்பி வந்தால்தான் வருவார். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. காரணம் அறிவு சம்பந்தப்பட்டது இல்லை, கெத்து சம்பந்தப்பட்டது.

ஏணியில் எங்கே படி காணோம்?

நூறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரியாவின் சாங்க்ட் ஆன்டன் ஊரில் ஹன்னஸ் ஷ்னைடர் என்பவர் ஸ்கீ கற்றுக்கொடுப்பதை ஒரு முறையான பாடத்திட்டமாக மாற்றினார். முதலில் ஸ்கீ இரண்டையும் முன்பக்கம் நெருக்கி, பின்பக்கம் விரித்து, கலப்பை மாதிரி வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது. அடுத்து அந்தக் கலப்பை நிலையிலேயே திரும்புவது. அப்புறம் திருப்பத்தின் முடிவில் இரண்டு ஸ்கீயையும் சேர்ப்பது. மாணவர்களைத் திறமைவாரியாகப் பிரித்து வகுப்பு நடத்தினார். 'ஆர்ல்பெர்க் முறை' என்று பெயர். இன்றைக்கும் உலகம் முழுக்க புதியவர்களுக்குச் சொல்லித்தரும் வரிசை பெரும்பாலும் இதன் பேரப்பிள்ளைதான்.

ஆக, ஏணியின் முதல் நாலைந்து படிகள் தெளிவாக இருக்கின்றன. மேலே, போட்டியாளர்களுக்கு கோச் இருக்கிறார், கம்பங்கள் நட்ட பாதை இருக்கிறது, ஸ்டாப் வாட்ச் இருக்கிறது. நடுவில்? 'இரண்டு ஸ்கீயும் ஓரளவு இணையாக வருது' என்று ஆனவுடன் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறோம். "இனிமே நீயே ஓட்டிப் பழகு, தானா வரும்" என்பதுதான் கிடைக்கும் கடைசி அறிவுரை.

தானா வராது. அதுதான் பிரச்சினை.

பழக்கம் ஏன் நம்மை நிறுத்திவிடுகிறது?

1897-இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தந்தி ஆபரேட்டர்கள் மோர்ஸ் குறியீட்டைக் கற்றுக்கொள்ளும் வேகத்தை வாராவாரம் அளந்து வரைபடமாகப் போட்டார்கள். தந்தியை வாங்கிப் புரிந்துகொள்ளும் திறன் கொஞ்ச நாள் ஏறும், பிறகு பல வாரங்கள் தட்டையாக ஒரே கோடாகப் போகும், அப்புறம் மறுபடி ஏறும். கற்றலில் 'பிளாட்டோ' என்ற பேச்சு சூடுபிடித்ததே இங்கேதான். அவர்கள் சொன்ன விளக்கமும் சுவாரசியமானது. எழுத்து எழுத்தாகக் கேட்பவர் சொல் சொல்லாகக் கேட்கும் நிலைக்குத் தாவ வேண்டும். அதற்கு முன்னால் எழுத்துகள் யோசிக்காமலே பிடிபடும் அளவுக்குப் பழக வேண்டும். அந்த இடைவெளிதான் தட்டைக் கோடு.

1967-இல் ஃபிட்ஸ், போஸ்னர் இருவரும் உடல்திறன் கற்றலை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்வது, பிறகு தவறுகளைத் திருத்திச் செய்வது, கடைசியில் யோசிக்காமலே செய்வது. பைக் ஓட்டும் யாருக்கும் இது தெரியும். இப்போது கியர் மாற்றுவதைப் பற்றி யாராவது யோசிக்கிறோமா?

இந்த மூன்றாம் கட்டம் வரம். அதே சமயம் பொறி. யோசிக்காமல் செய்ய ஆரம்பித்த நிமிஷத்தில் சரியானதும் உறைந்துவிடுகிறது, தப்பானதும் உறைந்துவிடுகிறது. ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை பெர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பற்றியது. அதன் சாரம் இது: எவ்வளவு நேரம் வாசித்தார்கள் என்பது மட்டும் கணக்கில்லை. ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்து, அதைத் திருத்துவதற்காகவே, கவனத்தோடு, திருத்தம் சொல்ல ஆள் வைத்துக்கொண்டு பயிற்சி செய்தார்களா என்பதுதான் விஷயம்.

ஆக, தட்டைக் கோட்டில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும் தட்டை. தந்தி ஆபரேட்டருடையது மாதிரி. அதற்குப் பொறுமைதான் மருந்து. இன்னொன்று, வேலையே நின்றுபோன தட்டை. எப்படிக் கண்டுபிடிப்பது? அதே சரிவில் பனி கொஞ்சம் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகும்போது, அல்லது வேகம் கொஞ்சம் கூடும்போது, உங்கள் திருப்பம் தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் முதல் ரகம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே மாதிரி உடைகிறது என்றால், சந்தேகமே வேண்டாம், இரண்டாம் ரகம்.

உடைவது எங்கே? கொஞ்சம் மெக்கானிக்ஸ்

ஸ்கீயைத் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். முன்னும் பின்னும் அகலம், நடுவில் குறுகல். நம்ம உடுக்கை மாதிரி. அந்த இடுப்பு வளைவை ஒரு பெரிய வட்டத்தின் துண்டு என்று எடுத்தால், அந்த வட்டத்தின் ஆரத்தைப் பெரும்பாலும் ஸ்கீயின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் ஒன்றை 16 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

1993-இல் ஸ்லோவேனியாவின் எலான் கம்பெனி எஸ்.சி.எக்ஸ். என்ற, இடுப்பு ஆழமாகக் குறுகிய ஸ்கீயைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் இருந்தவை ஏறக்குறைய நேர்கோடு. நீளமும் 2 மீட்டரைத் தொடும். புது வடிவம் வந்த பிறகு விளையாட்டே மாறிவிட்டது. ஸ்கீயைச் சாய்த்து விளிம்பில் நிறுத்தினால், நடுப்பகுதி பனியைத் தொடும்வரை அது வில் மாதிரி வளைகிறது. அந்த வில்லின் வழியே தானாகத் திரும்புகிறது. கணக்கு எளிது:

திருப்பத்தின் ஆரம் = ஸ்கீயின் ஆரம் × காஸ் (சாய்வுக் கோணம்)

16 மீட்டர் ஸ்கீயை 24 பாகை சாய்த்தால் திருப்பத்தின் ஆரம் சுமார் 14.6 மீட்டர். 60 பாகை சாய்த்தால் 8 மீட்டர். டி.வி.யில் பார்க்கும் போட்டியாளர்கள் இடுப்பு பனியை உரசும் அளவுக்குப் படுப்பது ஸ்டைலுக்காக இல்லை, இந்தக் காஸுக்காக.

இப்போது முக்கியமான கேள்வி. 24 பாகை சாயும்போது கீழே விழாமல் நிற்க எவ்வளவு வேகம் வேண்டும்? சரிவைக் கணக்கில் எடுக்காமல் தோராயமாகப் போட்டால், நொடிக்கு 8 மீட்டர். அதாவது மணிக்கு 29 கிலோமீட்டர். டவுன் பஸ் வேகம்! சுலபமான நீலச் சரிவிலேயே வந்துவிடும். அதாவது, சுத்தமான வளைவுத் திருப்பத்தைக் கற்றுக்கொள்ள செங்குத்துச் சரிவு தேவையே இல்லை. இயற்பியலே அனுமதி கொடுத்துவிட்டது.

இடைநிலையில் இருப்பவர் என்ன செய்கிறார்? சாய்ப்பதற்குப் பதிலாகத் தோளைச் சுழற்றி, ஸ்கீயின் பின்பக்கத்தை வெளியே தள்ளிவிடுகிறார். துடைப்பத்தால் வாசல் பெருக்குவது மாதிரி பனியைப் பெருக்கிக்கொண்டே இறங்குகிறார். வேகம் குறைகிறது, திசையும் மாறுகிறது, வேலை முடிகிறது. அதனால்தான் அது பழக்கமாக ஒட்டிக்கொள்கிறது. வேலை செய்யாத தப்பை உடனே விட்டுவிடுவோம். பாதி வேலை செய்யும் தப்புதான் ஆயுசுக்கும் கூட வரும்.

இவரைச் செங்குத்தான சரிவில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? பயம். பயந்தால் உடம்பு தன்னாலே மலைப் பக்கம், பின்னால் சாயும். எடை குதிகாலுக்குப் போய்விடும். ஸ்கீயின் முன்பகுதி லேசாகிப் பனியைக் கடிக்காது. கடிக்காததால் திருப்பம் தொடங்காது. தொடங்காததால் இன்னும் பலமாகத் தோளைச் சுழற்ற வேண்டும். அதற்குள் ஸ்கீ நேர் கீழ்நோக்கிப் போய் வேகம் எகிறிவிடும். வேகம் எகிறினால் இன்னும் பயம். இன்னும் பின்சாய்வு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், நேர்மறைப் பின்னூட்டம். சிஸ்டம் நிலைகுலையும்.

நிமிர்ந்து சரிவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டுமென்றால், உடம்பைக் கீழ்நோக்கி, பள்ளத்தை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். மூளைக்கு இது 'விழப்போகிறாய்' என்ற அலாரமாகத்தான் கேட்கும். அந்த அலாரத்தை மீறப் பழகுவதற்கு, விழுந்தாலும் ஒன்றும் ஆகாத சரிவுதான் சரியான வகுப்பறை.

முழங்காலின் விலை

இது ஸ்டைல் பற்றிய விவாதம் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பின்சாய்வுக்கும் முழங்காலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. எடை பின்னால் போய், இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கி, கை பின்னால் போய், கீழ்ப்பக்க ஸ்கீயின் பின்முனையில் உள்விளிம்பு பனியைக் கவ்விக்கொள்ளும்போது, ஸ்கீயின் பின்பகுதி ஒரு நெம்புகோல் ஆகி முழங்காலைத் திருகும். ஏ.சி.எல். என்னும் தசைநார் அறுந்துபோகும் வழிகளில் இது முக்கியமானது. கால்பந்து ஆடி ஏ.சி.எல். போன நம்ம ஹாஸ்டல் நண்பர்களைக் கேளுங்கள், அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கில் பிசியோதெரபியும் எப்படி இருக்கும் என்று.

அமெரிக்காவில் எட்லிங்கர், ஜான்சன், ஷீலி மூவரும் 1995-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்கீ மலைகளில் வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு இந்த மாதிரி நிலைகளை வீடியோவில் காட்டி, 'இப்படி மாட்டினால் எழ முயற்சிக்காதே, கையை முன்னால் கொண்டு வா, கால்களைச் சேர்' என்று பயிற்சி கொடுத்தார்கள். கடுமையான முழங்கால் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன. புது உபகரணம் எதுவும் வாங்கவில்லை. எந்த நிலை ஆபத்தானது என்று தெரிந்துகொண்டதுதான் வித்தியாசம்.

குல்மர்க்கில் இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே கோண்டோலாவின் முதல் கட்டம் கொங்தூரி வரை. இரண்டாம் கட்டம் அஃபர்வாத் மலையின் தோள்வரை, 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். "ஃபர்ஸ்ட் ஃபேஸ் முடிச்சாச்சு மச்சி, நாளைக்கு செகண்ட் ஃபேஸ்" என்று கேம் லெவல் மாதிரிப் பேசுகிறோம். மேலே இருப்பது மெஷினால் சீர்செய்த பாதை இல்லை, திறந்த மலை. பனிச்சரிவு அபாயம் உள்ள மலை. 2023 பிப்ரவரியில் அங்கே நடந்த பனிச்சரிவில் போலந்து நாட்டு ஸ்கீயர்கள் இருவர் இறந்தார்கள். அடுத்த லெவலுக்கான தகுதி, முந்தின லெவலில் உயிரோடு இறங்கிவிட்டோம் என்பது இல்லை.

சரி, என்னதான் பண்றது?

நான் பரிந்துரைப்பது இதுதான். ஒரு நாளில் பத்து முறை இறங்குகிறீர்கள் என்றால், மூன்று முறையை உங்களுக்குச் சுலபமாக இருக்கும் சரிவில், ஒரே ஒரு குறைக்காக ஒதுக்குங்கள். மீதி ஏழும் ஜாலிக்கு. அந்த மூன்றில் செய்ய வேண்டியவை:

முதலில் பூட்ஸைப் பாருங்கள். வாடகைக் கடையில் 'வசதியா இருக்கட்டும்' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக்கொள்வது எல்லாரும் செய்வது. கால் உள்ளே ஆடினால், நீங்கள் சாய்ப்பது ஸ்கீக்குப் போய்ச் சேராது. உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்னால் லேசாகத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரலுக்கு மேல் இடம் இருந்தால் பூட்ஸ் பெரிது. ஸ்டீயரிங் லூஸாக இருக்கும் காரை வைத்துக்கொண்டு டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

இரண்டாவது, பக்கவாட்டில் வழுக்குதல். சரிவுக்குக் குறுக்கே நின்று, விளிம்பை மெதுவாகத் தளர்த்தி வழுக்குங்கள், மறுபடி இறுக்கி நில்லுங்கள். பார்க்கச் சாதாரணம். ஆனால் எடை பின்னால் இருந்தால் நேராக வழுக்க முடியாது, கோணிக்கொண்டு போகும். பொய் சொல்லாத பரீட்சை.

மூன்றாவது, திருப்பத்தை முடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இடைநிலையில் இருப்பவர் திருப்பத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவார். வேகம் தானாகக் குறையும்வரை, கொஞ்சம் மேட்டைப் பார்த்து ஏறும்வரை திரும்புங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துவது பிரேக்கின் வேலையாக இல்லாமல் பாதையின் வேலையாக மாறும்.

நான்காவது, உள்பக்கக் காலைத் தூக்குங்கள். திரும்பும்போது உள்பக்க ஸ்கீயின் பின்முனையைப் பனியில் இருந்து ஒரு அங்குலம் தூக்க முடிகிறதா? முடிந்தால் எடை வெளிக்காலில் இருக்கிறது. முடியவில்லை என்றால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

ஐந்தாவது, தண்டவாளம். ரொம்பச் சாதுவான சரிவில், எதையும் சுழற்றாமல், இரண்டு ஸ்கீயையும் சாய்க்க மட்டும் செய்யுங்கள். கீழே வந்து திரும்பிப் பாருங்கள். இரண்டு மெல்லிய கோடுகள் தெரிந்தால் வளைவு சுத்தம். விசிறி மாதிரி தேய்த்த தடம் இருந்தால் இன்னும் பெருக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கோட் எழுதும் நமக்கு இது பழகின வேலைதான். பனிதான் டீபக் லாக். ஓடி முடித்ததும் லாக்கைப் படிக்காமல் மறுபடி ரன் கொடுக்காதீர்கள்.

கூடவே, நண்பரிடம் போனைக் கொடுத்து ஒரு இறக்கத்தை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நாம் செய்கிறோம் என்று நினைப்பதும் நிஜத்தில் செய்வதும் எவ்வளவு தூரம் என்று பதினைந்து நொடியில் தெரியும். காசு இருந்தால் ஒரு வாரக் குழு வகுப்புக்குப் பதிலாக ஒரு மணி நேரம் தனி வகுப்பு எடுங்கள். "ஒரே ஒரு குறையைச் சொல்லுங்க, அதுக்கு ஒரு பயிற்சி கொடுங்க" என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். பத்துக் குறை சொல்லும் பயிற்றுநரைவிட ஒன்று சொல்லி அதைத் திருத்தும்வரை விடாதவர் மேல்.

அவர் சொல்லும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. 1998-இல் கேப்ரியல் வுல்ஃபும் சகாக்களும் ஸ்கீ அசைவைப் போலச் செய்யும் ஒரு சிமுலேட்டரில் சோதனை செய்தார்கள். 'உன் காலில் கவனம் வை' என்று சொல்லப்பட்டவர்களைவிட, 'காலுக்குக் கீழே இருக்கும் சக்கரத்தில் கவனம் வை' என்று சொல்லப்பட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள். அதனால் 'முழங்காலை மடக்கு' என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வதைவிட 'ஸ்கீயின் முன்முனை பனியைக் கடிக்கட்டும்' என்று சொல்லிக்கொள்வது உதவும்.

மறுப்புகள்

"மைலேஜ்தான் முக்கியம், ஓட ஓட வரும்" என்பது முதல் மறுப்பு. ஆரம்பத்தில் இது நூறு சதவீதம் உண்மை. பனியில் கால் பழக வேண்டும், பயம் தெளிய வேண்டும். ஆனால் அது ஒரு எல்லைவரைக்கும்தான். தப்பான திருப்பத்தை ஆயிரம் முறை போட்டால் ஆயிரம் மடங்கு உறுதியான தப்பு கிடைக்கும். மெஷின் லேர்னிங் படிப்பவர்களுக்கு வேறு மாதிரிச் சொல்கிறேன்: லோக்கல் மினிமத்தில் மாட்டிய மாடலுக்கு இன்னும் ஆயிரம் இட்டரேஷன் கொடுத்தாலும் அதே பள்ளத்தில்தான் கிடக்கும். வெளியே வர, கொஞ்சம் மேலே ஏற வேண்டும். கொஞ்ச நேரம் முன்பைவிட மோசமாகத் தெரிய வேண்டும். அதற்குத்தான் மனசு வரமாட்டேங்குது.

"போட்டியாளர்கள் எல்லாம் ஆபத்தை எதிர்கொண்டுதானே வளர்கிறார்கள்?" என்பது இரண்டாவது. டெட் லிகெட்டி கதையைப் பாருங்கள். 2012-13 சீசனில் சர்வதேச ஸ்கீ சம்மேளனம், ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீயின் குறைந்தபட்ச ஆரத்தை 27 மீட்டரில் இருந்து 35 மீட்டராக உயர்த்தியது. திருப்புவது கஷ்டமாகிவிட்டது. வெளிப்படையாக எதிர்த்தவர்களில் அமெரிக்கரான லிகெட்டி முக்கியமானவர். எதிர்த்துக்கொண்டே, புது ஸ்கீக்கு ஏற்றபடி தன் திருப்பத்தையும் மாற்றிக்கொண்டார். 2012 அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஸோல்டனில் நடந்த முதல் போட்டியிலேயே 2.75 நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார். நூறில் ஒரு பங்கு நொடியில் முடிவாகும் விளையாட்டில் இது ஊரே வாய் பிளக்கும் இடைவெளி. 2013 உலக சாம்பியன்ஷிப்பில் மூன்று தங்கம், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஜயன்ட் ஸ்லாலம் தங்கம். அவரை மேலே கொண்டுபோனது துணிச்சல் மட்டும் இல்லை. அதே மலைகளில் எல்லாரிடமும்தான் துணிச்சல் இருந்தது. உலகத்தின் உச்சியில் இருந்தவர் தன் அடிப்படைத் திருப்பத்தைத் திரும்பத் திறந்து பார்த்தார். அதுதான் வித்தியாசம்.

மிக்கேலா ஷிஃப்ரினும் அப்படித்தான். சின்ன வயசில் போட்டிக்குப் போவதைவிடப் பயிற்சிக்கே முக்கியத்துவம் கொடுத்து வளர்க்கப்பட்டவர். 2023 மார்ச்சில் ஸ்டென்மார்க்கின் 86 உலகக் கோப்பை வெற்றிகள் என்ற சாதனையைத் தாண்டினார். 2025 பிப்ரவரியில் 100-ஐத் தொட்டார்.

மூன்றாவது மறுப்புதான் நியாயமானது: "லீவுக்கு ஜாலியா போறோம். அங்கேயும் லேப் எக்ஸர்சைஸா?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, தேவையும் இல்லை. நீலச் சரிவில் மெதுவாக, மலையைப் பார்த்துக்கொண்டு, நடுவில் சூடாக கஹ்வா குடித்துக்கொண்டு இறங்குவதே போதும் என்பவருக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. அவர் மாட்டிக்கொண்டவர் இல்லை, சந்தோஷமாகத் தங்கியவர். நான் பேசுவது, முன்னேற ஆசை இருந்தும், அதற்காகச் செங்குத்தான சரிவாகப் பார்த்துப் பணத்தையும் முழங்காலையும் பணயம் வைப்பவரிடம். அவருக்கு மூன்று இறக்கம் கொடுப்பது ஜாலியைக் கெடுக்காது. சுத்தமான முதல் வளைவு காலுக்கடியில் பிடிபடும்போது, சும்மா சொல்லக்கூடாது, அதைவிடப் பெரிய ஜாலி அந்த மலையில் கிடையாது.

கடைசியாக

நர்சரி சரிவில் குழந்தைகளோடு நின்று ஒரு காலைத் தூக்கிப் பழகுவதைப் பார்த்தால் கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதே சரிவில், காலை எட்டு மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன்னால், பயிற்றுநர்கள் தங்கள் சொந்தத் திருப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் பார்க்கலாம். மேலே போனவர்களுக்கு அந்தச் சரிவு கேவலமாகத் தெரிவதில்லை. நடுவில் நிற்கும் நமக்குத்தான் தெரிகிறது.

அடுத்த ஜனவரியில் யாராவது குரூப் போட்டுக் கிளம்பினால், பட்ஜெட் போடும்போதே அரை நாளை இதற்கென்று எழுதிவையுங்கள். செகண்ட் ஃபேஸ் டிக்கெட் காசை ஒரு மணி நேரம் நல்ல பயிற்றுநருக்குக் கொடுங்கள். மலை எங்கேயும் போகாது. முழங்கால் போனால் அதே மாதிரி திரும்பி வராது.